எனக்குப் படிக்கத் தெரியாத நோட்டு

1979 ஜூலை 11, புதன்கிழமை. காலை 5.10-க்கு எழுந்தேன். 5.20-க்கு பால் பூத் வரிசையில் நான்காவது ஆளாக நின்று இரண்டு பாட்டில் வாங்கினேன். 6.00 காபி. 6.15 முதல் 6.40 வரை ஆங்கிலப் பத்திரிகை. லேசான தூறல். 7.05-க்கு மின்சாரம் போனது, 8.20-க்கு வந்தது. வழக்கமாக 8.35 பஸ்ஸைப் பிடித்து கிடர்பூரில் உள்ள கப்பல் ஏஜென்சி அலுவலகத்துக்குப் போவேன். அன்று லீவு. விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் 'மகளின் காது சிகிச்சை' என்று எழுதியிருந்தேன். அது பொய். அலுவலகத்தில் இருபது வருஷத்தில் நான் எழுதிக் கொடுத்த ஒரே பொய் என்று அன்றைய டைரியிலேயே குறித்திருக்கிறேன்.

எங்கள் ஒரே மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. டாலிகஞ்சில் நாங்கள் குடியிருந்த வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்த்தோம். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும், எழுதப் படிக்கவும் அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். எல்லாம் அந்த ஊர்ப் பாஷையான வங்காளியில்; நாங்கள் வீட்டில் பேசியது தமிழ். "வீட்டிலும் ஒரே பாஷை பேசுங்கள், குழந்தையைக் குழப்பாதீர்கள்" என்று முதல் நாளே ஆசிரியை சொன்னார். நாங்கள் முயன்றோம். ஆனால் என் வங்காளி மீன்கடைக்கும் பஸ்ஸுக்கும் ஆனது. அந்த எழுத்து எனக்குத் தெரியவே தெரியாது. அலுவலகத்தில் ஆங்கிலம், பத்திரிகை ஆங்கிலம், பஸ்ஸுக்கு எண் போதும். அதனால் கற்றுக்கொள்ளவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

வீட்டில் நாங்கள் மூவரும் கைச்சாடையில் பேசிக்கொள்வோம். உள்ளங்கையைக் கிண்ணமாகக் குவித்தால் சாப்பாடு. கன்னத்தில் கை வைத்தால் தூக்கம். மூக்குத்தியைத் தொட்டால் அம்மா. மணிக்கட்டைத் தட்டினால் நான், ஏனென்றால் நான் வாட்ச் கட்டாமல் இருந்து அவள் பார்த்ததில்லை. வருத்தம் என்பதற்கு எங்களிடம் சாடை கிடையாது. அதற்குத் தேவை இருந்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை.

அந்த வருஷம் ஏப்ரல் மாதம் அவள் தையல் வகுப்புக்குப் போவதை நிறுத்தினாள். சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். தலை வாரவில்லை. சாயங்காலங்களில் மொட்டைமாடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஏன் என்று கையை விரித்துக் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். நான் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். அவள் எத்தனை கரண்டி சோறு சாப்பிட்டாள், எத்தனை மணிக்குத் தூங்கினாள், மாடியில் எத்தனை நிமிஷம் நின்றாள் என்று தினமும் குறித்தேன். மே 22 அன்று ஐம்பத்தைந்து நிமிஷம். குறிப்புகள் ஒழுங்காக இருந்தன. அவற்றை வைத்து என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை.

அவளும் எழுதுவாள். நீல அட்டை போட்ட நோட்டு, தலையணைக்கு அடியில் இருக்கும். எந்நேரமும் பென்சிலால் எழுதிக்கொண்டே இருப்பாள். ஒரே வீட்டில் இரண்டு பேர் தினமும் எழுதினோம். அவள் எழுதியதை என்னால் படிக்க முடியாது, நான் தமிழில் எழுதியதை அவளால் படிக்க முடியாது.

ஜூன் 9, சனிக்கிழமை, அவள் குளிக்கப் போன நேரத்தில் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போனேன். அங்கிருந்த அம்மாளை பௌதி என்று கூப்பிடுவோம். நம் ஊரில் அண்ணி என்பது போல. அவர் என்னை தாதா என்பார், அதாவது அண்ணா. நல்ல மனுஷி. என் மகள் பிறந்த நாளிலிருந்து பார்த்தவர். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். 'தையல் வகுப்பில் எல்லோர் வாயும் வேகமாக அசைகிறது, சிரிக்கிறார்கள், எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தால் அப்பா அம்மா வாய் அசைவது எனக்குச் சொல்லித் தராத பாஷையில்.' இவ்வளவு படித்ததும் பௌதி கண்ணாடியைக் கழற்றினார். "இதுக்கு மேல என்னால படிக்க முடியாது, தாதா" என்று நோட்டை மூடிக் கொடுத்தார். அவள் குளியலறையிலிருந்து வருவதற்குள் அதைத் திரும்ப வைத்துவிட்டேன். பதினான்கு நிமிஷம்.

இரண்டு நாள் கழித்து, நான் அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரத்தில், பௌதி மாடிப்படியில் என் மகளை நிறுத்தி, கன்னத்தைப் பிடித்து, உதடு தெரியும்படி மெதுவாக என்னவோ சொன்னார். ஆசையாகத்தான் சொன்னார். அன்று மாலை நான் வீடு திரும்பியபோது நீல நோட்டு என் மேஜைமேல், சரியாக என் டைரியின் மேல் வைக்கப்பட்டிருந்தது. 'காரணம் தெரியவில்லை' என்று டைரியில் எழுதிவிட்டு நோட்டை அவள் படுக்கையில் கொண்டுபோய் வைத்தேன். அதன்பிறகு அவள் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. அடுப்புப் பற்றவைக்க வைத்திருந்த பழைய காகிதத்தை அவள் அம்மா நீட்டியும் அதில் கிறுக்கவில்லை.

அதனால்தான் ஆஸ்பத்திரி. அலுவலகத்தில் ஒருவர், பெரிய அரசு ஆஸ்பத்திரியில் புதன்கிழமைகளில் மனநல டாக்டர் இளவயதுக்காரர்களைப் பார்க்கிறார் என்று சொன்னார். என் மனைவி ஒப்புக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு.

"ஏங்க, யாராவது கேட்டா காதுக்குன்னே சொல்லுங்க. பைத்தியத்துக்கு வைத்தியம்னு தெரிஞ்சா இந்தத் தெரு நாளைக்கே பாட ஆரம்பிச்சிடும்."

"சீட்டு எழுதறப்பவும் காதுன்னா சொல்றது?"

"பௌதியோட அண்ணன் பையன் அந்த ஆஸ்பத்திரியிலதான் வேலை பாக்கறான். காதுன்னே எழுதிடுங்க. உள்ள போய் டாக்டர்கிட்ட சொல்லிக்கலாம்."

அப்படியே செய்தேன். 9.50-க்கு மூவரும் டிராமிலிருந்து இறங்கி, 10.25-க்கு காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குச் சீட்டு வாங்கி, அதை எடுத்துக்கொண்டு மனநலப் பிரிவுக்குப் போனோம். கவுண்டரில் இருந்த குமாஸ்தா சீட்டைப் பார்த்தார், என் மகளைப் பார்த்தார்.

"இது காதுச் சீட்டு, தாதா."

"தெரியும். ஆனா பார்க்க வேண்டியது மனசுக்கு."

"இவங்களுக்குக் காது கேக்காதா?"

"கேக்காது. பேச்சும் வராது."

"அப்ப டாக்டர்கிட்ட எப்படிப் பேசுவாங்க? இங்க வைத்தியமே பேச்சுதான். முதல்ல காதைச் சரி பண்ணிட்டு வாங்க."

காதுப் பிரிவுக்குப் போனோம். நாற்பது நிமிஷம் காத்திருந்த பிறகு அங்கிருந்த டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, "பிறவிக் குறை, இதற்குச் செய்ய ஒன்றுமில்லை" என்று இன்னொரு சீட்டில் எழுதி, மனசுக்கு மனநலப் பிரிவைப் பாருங்கள் என்றார். திரும்ப அதே கவுண்டர். குமாஸ்தா மேஜையில் டீ வந்திருந்தது. "நான்தான் அனுப்பினேனே, மறுபடி இங்கேயே வந்தா எப்படி?" என்றார். நான் இரண்டு சீட்டுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தச் சீட்டுக்கு உரியவள் இவள்? காதா, மனசா? பொய்ச் சீட்டு வாங்கியதால் வந்த குழப்பமா, உண்மைச் சீட்டு வாங்கியிருந்தாலும் இதுதான் நடந்திருக்குமா? இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

டாக்டர் அறையிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. அவர்தான் டாக்டர். குமாஸ்தாவிடம், "எழுதத் தெரியுமான்னு கேட்டீங்களா?" என்றார். குமாஸ்தா கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

உள்ளே போனதும் என் குறிப்புகளை நீட்டினேன். அலுவலக டைப்ரைட்டரில் ஆங்கிலத்தில் அடித்த நாலு தாள். டாக்டர் முழுவதும் படித்தார்.

"சுத்தமா எழுதியிருக்கீங்க. இதுல நீங்க பார்த்தது எல்லாம் இருக்கு. அவ சொன்னது எங்க?"

"அவ எதுவும் சொல்லலியே, டாக்டர்."

டாக்டர் ஒரு காகிதத்தில் வங்காளியில் ஏதோ எழுதி, பென்சிலோடு என் மகள் பக்கம் நகர்த்தினார். அவள் படித்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு காகிதத்தைக் குப்புறக் கவிழ்த்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் வெளியில இருங்க" என்றார் டாக்டர்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். மனைவி புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள். வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். முப்பத்தைந்து நிமிஷம் கழித்து எங்களைக் கூப்பிட்டார்கள். மகள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"மணிக்கட்டைத் தட்டிக்கிட்டே இருந்தா" என்றார் டாக்டர். "நேரமாச்சு, போகணும்ங்கறாளோன்னு நினைச்சேன்."

"அது நான்" என்றேன்.

"அப்புறம் எனக்கும் புரிஞ்சது. ஒரே ஒரு வரி எழுதினா. உங்ககிட்ட சொல்லலாமான்னு அவளைக் கேட்டுட்டேன், சரின்னா." காகிதத்தைக் கையில் எடுத்து, கொடுக்காமல், படித்துச் சொன்னார். "நான் எழுதினால் அதை அப்பா யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. மனைவிதான் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. ஜூன் 9, பதினான்கு நிமிஷம், நோட்டு எடுத்த இடத்திலேயே வைக்கப்பட்டது என்று டைரியில் இருந்ததே ஒழிய வேறு யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். மாடிப்படியில் பௌதி அவளிடம் மெதுவாகச் சொன்னது எது என்று அப்போதுதான் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னேன்.

டாக்டர் திட்டவில்லை. "காது கேக்காதவங்களோட எனக்கும் பழக்கமில்ல. எழுதி எழுதிப் பேசறதுக்கு நேரம் பிடிக்கும், வெளியில வரிசை நிக்குது. அடுத்த புதன்கிழமை கடைசி ஆளா வாங்க. அவசரம் இல்லாம பேசிக்கறோம். ஆனா அவ எழுதினாத்தான் என்னால ஏதாவது பண்ண முடியும். அந்த நோட்டை இனி யாரும் தொடக்கூடாது. மாடிக்கதவைப் பூட்டி வையுங்க. தனியா விடாதீங்க."

அதற்குப் பிறகு எத்தனையோ புதன்கிழமைகள் கடைசி ஆளாகப் போனோம். ஆனால் அன்று டிராமில் திரும்பி வரும்போது எனக்கு இருந்தது குழப்பம் மட்டும்தான். தனியாக விடாதே, ஆனால் அவள் எழுதுவதைப் பார்க்காதே. கண்காணி, கண்காணிக்காதே. நோட்டைப் பார்க்காவிட்டால் அவள் மனசில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? பார்த்தால் எழுதமாட்டாள், அப்போதும் தெரியாது. இரண்டு கட்டளையும் ஒரே வாயிலிருந்து வந்தவை. இரண்டும் சரி என்றே பட்டது. இரண்டையும் ஒரே நாளில் எப்படிச் செய்வது என்று தெரியவில்லை.

வீட்டு வாசலில் பௌதி நின்றிருந்தார். "காதுக்கு என்ன சொன்னாங்க, தாதா?"

"ஒண்ணும் பண்ண முடியாதாம்."

"ஐயோ பாவம்" என்று மகளின் கன்னத்தைத் தொட வந்தார். அவள் என் மனைவியின் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

மாலை 5.30-க்கு மாடிக்கதவின் பூட்டையும் சாவியையும் வீட்டுக்காரரிடமிருந்து வாங்கி வந்தேன். மனைவி அந்தச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு சமையலறையில் நின்றபடியே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"உங்க மேஜை டிராயருக்குப் பூட்டு இருக்குல்ல. அவ நோட்டுக்கு."

"அதுல என் டைரியெல்லாம் இருக்கு. பதினேழு வருஷத்தது."

"உங்க டைரியை இந்த ஊர்ல யாரு படிக்கப் போறா?"

டிராயரின் இரண்டு சாவிகளையும் எடுத்து வந்து காட்டினேன்.

"ஒரு சாவியை நீங்க வச்சுக்குங்க" என்றாள். "ஏதாவது ஒண்ணுன்னா வேணும்."

"அப்படி வச்சுக்கிட்டா பூட்டு எதுக்கு?"

"எனக்குத் தெரியலைங்க. பயமா இருக்கு, அவ்வளவுதான்."

அன்றைய டைரியில் எல்லா நேரங்களையும் எழுதினேன். டிராம், சீட்டு, காத்திருந்த நிமிஷங்கள். மகளுடைய சாப்பாட்டையும் தூக்கத்தையும் குறிக்கும் இடத்தை அன்று முதல்முறையாகக் காலியாக விட்டேன். ஒரு சாவியா, இரண்டு சாவியா என்பதை முடிவு செய்யாமலே படுத்துக்கொண்டேன்.

ஜூலை 12, வியாழக்கிழமை. காலை 5.10-க்கு எழுந்தேன். பால் பூத்துக்குப் போவதற்கு முன், டிராயரில் இருந்த பதினேழு டைரிகளையும் எடுத்துக் கட்டிலுக்கு அடியிலிருந்த டிரங்குப் பெட்டியில் அடுக்கினேன். டிராயரைத் துடைத்து, சீவிய பென்சில் இரண்டு வைத்தேன். மகள் விழித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டை நான் தொடவில்லை. காலி டிராயரைத் திறந்து காட்டிவிட்டு, பூட்டின் இரண்டு சாவிகளையும் அவள் உள்ளங்கையில் வைத்தேன்.