பீரங்கி எந்தப் பக்கம்

சுற்றுலாப் பேருந்து ஓட்டுகிறவருக்குக் கடலோரக் கோட்டையூர் அத்துப்படி என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவருக்குத் தெரிந்தது வண்டி நிறுத்தும் திடல் மட்டும்தான். பயணிகள் இறங்கியதும் கடைசி சீட்டில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். மனைவி வாங்கிய சத்தியம் அது. "சுத்திப் பாக்குறவங்க பாக்கட்டும், நீங்க தூங்குங்க. அத்தனை உசிரும் உங்க கையிலதான்."

ஆனால் அவளுக்கே அந்த ஊர்க்கதை இல்லாமல் சோறு இறங்காது. திரும்பும் வழியில் பயணிகள் பேசுவதைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, அப்படியே வீட்டில் ஒப்பிப்பார். படியில்லாத கிணறு, கடல் அரித்த சுவர் எல்லாம் அப்படி வந்தவைதான். பீரங்கியில் மட்டும் தகராறு.

"கடலைப் பாத்துதான் இருக்கும். எதிரி கப்பல்லதானே வருவான்?" என்பார் இவர்.

"கோட்டை கட்டினவனே கப்பல்ல வந்தவன்தானே? அவனுக்குக் கடல்கிட்ட என்ன பயம்? ஊர்ச் சனத்துக்கிட்டதான் பயம். ஊரைப் பாத்துதான் இருக்கும்" என்பாள் அவள்.

பயணிகளுக்குக் கோட்டையைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டிப் பெண்ணைக் கேட்டால் ஒரு நொடியில் தீர்ந்திருக்கும். தீர்ந்துவிடக் கூடாதென்றே இருவரும் கேட்கவில்லை. தீர்ப்பு வருமுன் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். அதன் பிறகு கடைசி சீட்டில் அவருக்குக் கண் மூடவேயில்லை. இன்று எழுந்து கோட்டை வாசலுக்கு நடந்தார்.

"என்னண்ணே, மழை கொட்டப்போகுது! நீங்களா உள்ள வர்றீங்க?" என்றாள் வழிகாட்டிப் பெண்.

"பீரங்கி எங்கம்மா இருக்கு?"

"மேல, கொடிமரத்துக்கிட்ட. அது பாத்தீங்கன்னா…"

"சொல்லாதம்மா. நானே பாத்துக்கறேன்."

கிணற்றுக்குப் படி இருந்தது. எந்தப் புண்ணியவான் இல்லையென்று புளுகினானோ! கடல் அரித்த ஓட்டையில் தலையை நுழைத்துப் பார்த்தார். உப்புக்காற்று முகத்தில் அறைந்தது. இதையும் யாரும் சொல்லவில்லை. பிறகு மேலே ஏறினார்.

பீரங்கியின் முதுகுதான் கடலுக்கு. வாய், ஓட்டுக் கூரைகளைத் தாண்டித் திடலை நோக்கியிருந்தது. அங்கே அவருடைய பேருந்து. இத்தனை காலமும் இதன் வாய்க்கு நேராகப் படுத்தா குறட்டை விட்டோம்?

"நீதான்டி ஜெயிச்ச," என்றார் வாய்விட்டு.

பீரங்கி நிழலில் உட்கார்ந்தவர், வழிகாட்டிப் பெண் தோளை உலுக்கும்வரை அசையவில்லை. "அண்ணே, தூங்க இடமா கெடைக்கல உங்களுக்கு? எல்லாரும் வண்டிகிட்ட நிக்கிறாங்க!"

திரும்பும் வழியில் பின்சீட்டில் வாக்குவாதம் கேட்டது. "கடலைப் பாத்துதானே இருந்துச்சு?"

வண்டி ஓட்டும்போது பேசாதவர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "ஊரைப் பாத்து. என் வீட்டுக்காரி அப்பவே சொன்னா."

"அவங்க வந்து பாத்திருக்காங்களா?"

"இல்ல," என்றார். "யோசிச்சே சொல்லிட்டா."