கோலுக்கொரு மன்னிப்பு

பந்து வலையைத் தொடுவதற்குள் நைதெனின் கைகள் இரண்டும் மேலே போய்விடும். மார்பளவு உயரம், உள்ளங்கைகள் எதிர்த்தரப்பைப் பார்த்து, தலை லேசாகக் குனிந்து. துப்பாக்கிக்கு முன்னால் நிற்பவன் போல இருக்கும். சுட்டதும் அவன்தான், சரணடைவதும் அவன்தான்.

பழைய கிளப்புக்கு எதிராகக் கோல் போட்டால் துள்ளக் கூடாது, கையைத் தூக்கி வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்பது கால்பந்தாட்டக்காரர்களுக்குள் எழுதாத மரியாதை. மற்றவர்களுக்கு இந்தச் சங்கடம் வருஷத்தில் ஒரு முறை வந்து போகும். நைதென் முப்பத்தேழு வயதுக்குள் ஒன்பது நாடுகளில் பதினாறு கிளப்புகளுக்கு ஆடியவன். பல்கேரியாவுக்குள் மட்டும் ஆறு. எந்தப் பக்கம் உதைத்தாலும் பழைய முதலாளி யார் மேலாவது பந்து படும். ஆகவே கை பழகிவிட்டது. பயிற்சியில் ஆளில்லாத கோலில் பந்தைத் தட்டிவிட்டாலும் தூக்குகிறான். ஒரு தடவை, பிறந்ததிலிருந்து கால் வைக்காத ஓர் ஊரின் கிளப்பிடமும் தூக்கிவிட்டான். அந்த ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாம்தான் மறந்துவிட்டோம் போலிருக்கிறது என்று எழுந்து நின்று கைதட்டினார்கள். மறுநாள் அந்தக் கிளப்பின் செயலாளர் பழைய பட்டியல்களில் இவன் பெயரைத் தேடிக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

நைதென் என்ற பெயருக்கு எங்கள் மொழியில் 'கண்டெடுக்கப்பட்டவன்' என்று பொருள். பெயர் வைத்தவர்கள் நல்ல நம்பிக்கையில்தான் வைத்திருப்பார்கள். அடுத்தடுத்த இரண்டு கோடைகளில் அவனை ஒரே இடத்தில் கண்டவர் இல்லை. எங்கள் ஊர் தொபோல்னிக்கில் பெயர் சொல்லி அவனைக் கூப்பிடுபவள் மனைவி ரலித்ஸா ஒருத்திதான். எப்போதும் பெட்டியும் கையுமாகக் கிளம்புவதால் மற்ற எல்லோருக்கும் அவன் 'பெட்டி'.

உலகத்தைச் சுற்றியவனிடம் கதை கேட்கலாம் என்று உட்கார்ந்தால் ஏமாந்துதான் எழுந்திருக்க வேண்டும்.

"மால்டால கடல் நல்லா இருக்குமாமே?"

"இருந்துச்சு. எங்களுக்குச் சாயங்காலம் பிராக்டீஸ்."

"ஐஸ்லாந்து?"

"காத்து. பந்து ரெண்டு தடவ கடலுக்குள்ள போச்சு."

அவ்வளவுதான். ஒன்பது மொழிகளில் 'எனக்குக் கொடு' என்று கத்தத் தெரியும். ஒன்பதிலும் 'வலது முழங்கால்' என்று டாக்டரிடம் சொல்லத் தெரியும். கஜகஸ்தானில் இரண்டு குளிர்காலம் இருந்தவனுக்கு அந்த ஊரைப் பற்றி ஞாபகம் இருப்பது, குளியலறை விளக்கின் சுவிட்ச் கதவுக்கு வெளியே இருந்தது என்பது மட்டும்.

சுவிட்ச் விஷயத்தில் அவன் கவனமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இப்போது அறுபது கிலோமீட்டர் தள்ளி, ரெச்னா ஊர்க் கிளப்புக்கு ஆடுகிறான். அங்கே ஒரு வாடகை அறை. ஞாயிறு ராத்திரி வீட்டுக்கு வருகிறான், செவ்வாய் காலை போய்விடுகிறான். சொந்த வீட்டில் விளக்கைப் போட வலது சுவரைத் தடவுகிறான். சுவிட்ச் பதினேழு வருஷமாக இடது சுவரில் இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியைத் திறப்பதற்கு முன், "தயிர் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்கிறான். வாடகை வீட்டுக்காரம்மாவிடம் கேட்கிற குரல். முதலிரண்டு வருஷம் ரலித்ஸா சிரித்தாளாம், பிறகு கோபப்பட்டாளாம். இப்போது இரண்டுக்கும் அவளுக்கு நேரமில்லை.

ரலித்ஸா சந்தைத் தெருவில் பனித்ஸா கடை வைத்திருக்கிறாள். காலை ஐந்தரைக்கு ஷட்டர் ஏறும். வெண்பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட மடிப்பு ரொட்டி, தொட்டுக்கொள்வதற்குப் பதில் கூடவே குடிக்க, போஸா என்கிற புளித்த தானியக் கூழ். எங்கள் ஊரில் பாதிப் பேரின் பொழுது அங்கேதான் விடிகிறது. கடைத் தொலைக்காட்சியில் நைதென் கோல் போட்டுக் கையைத் தூக்கும் காட்சி எப்போதாவது வரும். அப்போது அவள் தட்டைத் துடைத்தபடியே சொல்வாள்:

"ஊர் பேர் தெரியாதவன்கிட்ட எல்லாம் கையத் தூக்குறான் மகராசன். இங்க ஒருத்தி பதினேழு வருஷமா தனியா ஷட்டரத் தூக்கிக்கிட்டு இருக்கா. என் பக்கம் ஒரு வாட்டி தூக்கியிருப்பானா?"

"ஷட்டருக்கு கிரீஸ் போடு ரலித்ஸா" என்பார் மெத்தோதி கிழவர். ஊர் முழுக்க அவரைச் சித்தப்பா என்று அழைக்கும், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர், எங்கள் கிளப்பின் ஆட்டம் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை, ஒன்றைக்கூட ரசித்ததும் இல்லை.

இந்த ஏப்ரலில் எங்கள் கிளப்பின் தலைவர் பெத்ராகியெவ் அதே கடைக்கு வந்தார். அலுமினிய ஜன்னல் வியாபாரி. இரண்டு பனித்ஸா தின்று முடித்த பிறகு, பின்மேசையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த நைதெனைப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி பேசினார்.

"ஜூலைல நீ நம்ம ஆளுடா பெட்டி. ஒரு சீசன் ஆடு. அப்புறம் சின்னப் பசங்களுக்கு நீதான் கோச். ஒரே ஒரு விஷயம், நாம இந்த லீக்ல நிக்கணும், கீழ் லீக்குக்கு இறங்கிடக் கூடாது."

"இறங்கிட்டா?"

"இறங்கிட்டா கிளப்பே இருக்காது. நான் ஜன்னல் விக்கப் போயிடுவேன்."

பத்தொன்பது வயதில் நைதெனை வேண்டாம் என்று அனுப்பிய கிளப் இது. பதினாறு கிளப்புகளும் அவனைத் தேடி வந்தன. இது ஒன்றுக்காகத்தான் அவன் காத்திருந்தான். இன்னொரு அழைப்பும் கடிதமாக அவன் சட்டைப்பையில் கிடந்தது. ஆஸ்திரியாவில் ஏதோ மலைக் கிராமம், ஏழாவது டிவிஷன், மாவு மில்லில் பகல் வேலையும் சேர்த்து. அதை ரலித்ஸா படித்தாள். மடித்துத் திரும்பக் கொடுத்தாள்.

"போறதுன்னா இந்தத் தடவ பெரிய பெட்டிய எடுத்துட்டுப் போ" என்றாள்.

இத்தனை வருஷமும் அவன் கொண்டுபோனது சின்னப் பெட்டிதான். பெரியது அலமாரி மேல் கம்பளிகளோடு இருக்கிறது. ஒரு மனிதன் திரும்பி வருவதாக இருந்தால் அது தேவைப்படாது. அவனுக்கு அது புரிந்தது என்பது, அன்று அவன் கேட்காமலே தயிரை எடுத்துக் குடித்ததிலிருந்து தெரிந்தது.

மே மாதம் கடைசி ஆட்டம் வந்தது. எங்கள் மைதானம். எங்களுக்குச் சமனில் முடிந்தால் போதும், தப்பித்தோம், தோற்றால் இறங்குகிறோம். எதிரே ரெச்னா. பட்டியலின் நடுவில் நிம்மதியாக உட்கார்ந்திருந்த அவர்களுக்கு ஜெயித்தாலும் ஒன்றுதான், தோற்றாலும் ஒன்றுதான். ரெச்னாவின் கோச் நல்ல மனிதர். ஆட்டத்துக்கு முந்தின நாளே, அவன் ஆடாமல் ஒதுங்கிக்கொள்ளக் கதவைத் திறந்துவிட்டார்.

"முழங்கால் எப்படி இருக்கு?"

நான்கு வருஷமாக எந்தக் கோச் கேட்டாலும் இந்தக் கேள்விக்கு அவன் சொன்ன பதில் ஒரு பெருமூச்சு. அன்று, "நல்லா இருக்கு" என்றான்.

ஆட்டத்தன்று காலையில் கடையில் மெத்தோதி கிழவர் அவன் தோளில் கை போட்டார்.

"ஒன்னும் பெருசா வேணாம்டா தம்பி. கோல் பக்கத்துல ரெண்டு தடவ வழுக்கி விழு. போதும்."

"நான் சும்மாவே விழுறவன் சித்தப்பா. வேணும்னு விழத் தெரியாது."

"பதினாறு கிளப்புல இதக்கூடவா கத்துக்கல?"

நைதென் சிரித்தான். பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான். எங்களுக்கெல்லாம் கேட்கக்கூடாது என்று நினைத்துத்தான் கேட்டான், ஆனால் சின்னக் கடை, கேட்டுவிட்டது.

"நீ என்ன சொல்ற?"

ரலித்ஸா ஒரு பனித்ஸாவைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வேணும்னு வெளிய அடிச்சிட்டு வந்தா ஆயுசுக்கும் அதையே சொல்லிச் சொல்லி மாய்வ. அதக் கேக்க எனக்குத் தெம்பில்ல." காகிதத்தை அவன் பையில் திணித்தாள். "திங்கட்கிழமை ஊர் முகத்தப் பார்த்துக்கிட்டு கல்லாவுல நிக்கப்போறது நான்தான். நான் நின்னுக்கிறேன். போ."

தானியக் கிடங்குக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் மைதானம். ஒரே ஒரு பக்கம்தான் இருக்கை. அன்று நிற்கவும் இடமில்லை. நாலாவது வரிசையில் ரலித்ஸா, எங்கள் கிளப்பின் பச்சைத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மடியில் சூரியகாந்தி விதைப் பொட்டலத்தோடு. எங்கள் ஊரில் ஆட்டம் பார்ப்பது என்றால் அந்த விதையைக் கொறித்துத் தோலைத் துப்புவதுதான். இடையிடையே மைதானத்தையும் பார்ப்போம்.

முதல் பாதியில் நைதெனுக்கு இரண்டு நல்ல வாய்ப்புகள். ஒன்றைக் கம்பத்துக்கு வெளியே தள்ளினான், இன்னொன்றில் கால் இடறி விழுந்தான். மைதானமே எழுந்து நின்றது.

"பெட்டி! பெட்டி! வீட்டுக்கு வா!"

எதிரணிக்காரன் பந்தைக் கோட்டைவிட்டதற்கு இப்படி ஒரு கைதட்டலை நான் கேட்டதில்லை. அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. ரெச்னாவின் கோல்கீப்பர் அங்கிருந்தே கத்தினான்: "எவ்ளோ கொடுத்தாங்கடா உனக்கு?" இரண்டையும் அவன் நிஜமாகவேதான் தவறவிட்டான். ஒன்பது நாடுகளில் யாரும் சொல்லாமலே அப்படித் தவறவிட்டவன். அன்று மட்டும் அதை நம்ப ஆளில்லை.

எண்பத்து நாலாவது நிமிஷம். கோல் இல்லை, எங்களுக்கு அதுவே போதும். பெத்ராகியெவ் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு நைதெனையே பார்த்துக்கொண்டிருந்தார். ரெச்னாவுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. நைதென் அந்தப் பக்கம் ஓடவில்லை, நடந்துதான் போனான். ஓட அந்தக் காலில் ஒன்றும் மிச்சமில்லை. பந்து உயர்ந்து, எல்லோர் தலைக்கும் மேலாக, இவன் நிற்கும் இடத்தைத் தேடிக்கொண்டு வந்தது. யோசித்திருந்தால் ஒதுங்கியிருக்கலாம். இருபது வருஷமாகப் பந்து வந்தால் எழும்புகிற உடம்பு, எழும்பியது. நெற்றியில் பட்ட சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது.

வலை ஆடியது.

நாங்கள் எல்லோரும் அவன் கைகளைத்தான் பார்த்தோம். அவை மேலே போகவில்லை. இரண்டும் முழங்கால்களில் ஊன்றியிருந்தன. அவன் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். ரெச்னா ஆட்கள் அவன் மேல் விழுந்தார்கள். அவன் நிமிரவில்லை. கிளப் பெயரே ஞாபகமில்லாத ஊர்களில் எல்லாம் தூக்கிய கைகள், இங்கே எழ மறந்துவிட்டன.

மைதானத்தில் விதை கொறிக்கும் சத்தம்கூட நின்றுபோயிருந்தது. முதலில் மெத்தோதி கிழவர் திரும்பி நாலாவது வரிசையைப் பார்த்தார். பிறகு பெத்ராகியெவ். பிறகு வரிசை வரிசையாக எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின.

ரலித்ஸா மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பாவாடையில் ஒட்டிய தோல்களைத் தட்டிவிட்டாள். எழுந்தாள். ஊரைப் பார்த்துத் திரும்பி நின்று, தலை லேசாகக் குனிந்து, உள்ளங்கைகள் எங்களுக்குத் தெரியும்படி இரண்டு கைகளையும் மார்பளவுக்குத் தூக்கினாள்.