பாதி விலகிய திரை

எங்கள் படுக்கையறை ஜன்னலில் இன்னும் அந்த நீலத் திரைதான் தொங்குகிறது. வெயிலில் வெளுத்துச் சாம்பலாகிவிட்டது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மகள் மாற்றச் சொல்கிறாள். காது கேட்காதவன்போல இருந்துவிடுவேன். அந்த நடிப்பு எனக்கு நன்றாக வரும்.

ஆரியசாலையில் எனக்கு மொத்தப் புளிக்கடை. எதைக் கண்டாலும் தரம் பிரிப்பது தொழில் கொடுத்த வியாதி. மாமனார் இரண்டாம் தரம், மச்சினன் புளி எடுத்துப் போட்ட வெறும் கோது, நான் மட்டும் முதல் தரம் என்பேன். "கண்ணாடி பாத்துட்டுதான் சொல்லுதியளா?" என்று மனைவி சிரிப்பாள். இரண்டாவது பிள்ளை பிறந்து ஒரு வருடம் இருக்கும். திரை முழுக்க விலகியிருந்த ஒரு ஞாயிறு மதியம், அவளுடைய மிக அந்தரங்கமான இடத்தைப் பார்த்து, "பழம்புளி மாதிரி கறுத்துச் சுருங்கிப்போச்சே" என்றேன். அவளும் சிரித்தாள். மறு ஞாயிறு திரை இழுத்து மூடியிருந்தது. வெயிலுக்காக என்று நினைத்த அறிவாளி நான்.

சில மாதம் கழித்து, தம்பானூர் பக்கம் ஒரு பெண் டாக்டரிடம் போகத் துணைக்குக் கூப்பிட்டாள். அந்த இடத்தை வெட்டிச் சீராக்கும் ஆபரேஷனைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறாள் என்பது அங்கே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. மலையாளி டாக்டர் எங்களுக்காகத் தமிழ் கலந்து பேசினார். பரிசோதித்துவிட்டு, "ஸ்கூட்டர்ல இருக்கும்போ, நடக்கும்போ வேதனை உண்டோ?" என்றார். இல்லை என்றாள். "வேதனை உள்ளவங்களுக்கு செய்து கொடுப்பேன். உங்களுக்கு ஒரு குழப்பமும் குறையும் இல்ல. முகம்போலத்தான், ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி. பின்ன, ஆரு என்ன பறஞ்சது?"

"யாரும் சொல்லல. எனக்கே தோணிச்சு" என்றாள், என்னைப் பார்க்காமல்.

ஆயுளில் முதல்முறையாக வேடிக்கை கலக்காமல், "நான்தான் சொன்னேன்" என்றேன். டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சாருக்கு என்ன ஜோலி?"

"புளி வியாபாரம்."

"அப்போ புளியோட நிறுத்தினா மதி. அது போதும்."

ஆபரேஷனை அவள் விட்டுவிட்டாள். திரையை மட்டும் திறக்கவில்லை. பழம்புளிக்குத்தான் விலை அதிகம் என்றுகூட உளறிப் பார்த்தேன். அதன் பிறகு திரைக்கு ஊக்கும் குத்தினாள். இரண்டு வருடம் போனது. ஒரு மதியம் அவளாகவே எழுந்து ஊக்கைக் கழற்றித் திரையைப் பாதி வரை விலக்கினாள். "வாயத் தொறக்கப்பிடாது, கேட்டியளா" என்றாள். திறக்கவில்லை. அழகு என்கிற சொல் தொண்டை வரை வந்தது. எனக்கு என் வாயைத் தெரியும், விழுங்கிவிட்டேன். சொல்லியிருக்கலாம்.

அவள் போய்ச் சேர்ந்து மூன்று வருடம். இப்போதும் மதியங்களில் திரையைப் பாதி வரைதான் விலக்குகிறேன். மீதி அவள் விலக்க வேண்டியது.