பதினைந்து நாளுக்கு இரண்டு நிமிஷம்

எனக்கு இன்டர்நெட் பதினைந்து நாளுக்கு இரண்டு நிமிஷம் வேண்டியிருந்தது. அதற்கு மேல் வேண்டாம். இதைச் சொன்னபோதெல்லாம் எதிரில் இருந்தவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். யாரும் நம்பவில்லை.

என் வீட்டுக்காரர் விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர். போனால் திரும்பி வரப் பதினைந்து நாள் ஆகும். கரை நெருங்கி, டவர் எட்டுகிற தூரத்துக்கு வந்ததும் படகை ஓட்டுகிற டிரைவர் தன் போனை வெளியே எடுப்பார். மற்றவர்களின் போன்கள் அதற்குள் சார்ஜ் இறங்கியோ உப்புத் தண்ணீர் பட்டோ செத்துப்போயிருக்கும். பாலிதீன் கவரில் சுற்றி டிரைவர் அறையில் வைத்த அந்த ஒரு போன்தான் ஒன்பது பேருக்கும். ஆளுக்கு இரண்டு நிமிஷம். முடிந்ததும் டிரைவர் கையை நீட்டுவார், பாதி வாக்கியத்தில் இருந்தாலும் கொடுத்துவிட வேண்டும். யார் ஆரம்பித்த வழக்கமோ தெரியாது, அந்தப் படகில் அதற்கு மறுபேச்சு கிடையாது.

குப்பத்தில் இருந்தவரை இது எனக்கு ஒரு விஷயமாகவே இல்லை. மார்க்கெட்டில் மீன் விற்று முடித்து மதியம் வீட்டுக்கு வந்திருப்பேன், போன் அடிக்கும், எடுப்பேன். மறுநாள் விடியற்காலை ஏலத்துக்குக் காசிமேடு துறைமுகம் வந்துவிடச் சொல்வார். பிறகு ஒரு வருஷம் கடல் எங்கள் வீட்டின் பின்சுவரை எடுத்துக்கொண்டது, அடுத்த வருஷம் சமையல் அறையை எடுத்துக்கொண்டது. அரசாங்கத்தில் எர்ணாவூரில் மூன்றாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். குறை சொல்லக் கூடாது, மழைக்கு ஒழுகாத வீடு. ஆனால் உள்ளே போன் எடுக்காது. படிக்கட்டில் இரண்டு கோடு காட்டும், வாசற்படி தாண்டினால் ஒன்று, கூடத்துக்குள் வந்தால் அதுவும் போய்விடும்.

தொடர்ந்து மூன்று தடவை அவர் அழைப்பு எனக்கு வரவில்லை. படகு எந்த நாள் கரை தொடும் என்று மீன்பாடு, காற்று, இன்ஜின் எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்யும். அதற்காகப் படிக்கட்டிலேயே குடியிருக்க முடியுமா? இருந்தும் பார்த்தேன். இரண்டு மதியம் படியில் உட்கார்ந்து பூண்டு உரித்தேன். மேலே கீழே போகிறவர்கள் எல்லாம் வீட்டில் சண்டையா என்று விசாரித்தார்கள். மூன்றாம் நாள் வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன், அன்றைக்குத்தான் அவர் அழைத்திருக்கிறார்.

அந்த முறை வீட்டுக்கு வந்தவர் குளித்தார், சாப்பிட்டார். கை கழுவும்போதுதான் வாயைத் திறந்தார்.

"எல்லார் வூட்லயும் எடுக்கிறாங்க. நம்ம வூட்ல மட்டும் ஆளே இல்லாத மாதிரி கீது."

திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், அதில் நான் குறைந்தவள் இல்லை. இப்படிச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டவரை என்ன செய்வது? அவர் அடுத்த தடவை கடலுக்குப் போன அன்றே நான் விசாரிக்க ஆரம்பித்தேன்.

வீட்டில் வைஃபை இருந்தால் டவர் இல்லாமலேயே சாதாரண போன் அடிக்கும் என்று மார்க்கெட்டில் ஒரு வாடிக்கையாளர் அம்மா சொல்லியிருந்தார். அது எப்படி என்று அவரைக் குடைந்தேன், அவருக்குத் தெரியவில்லை, மத்தி மட்டும் வாங்கிக்கொண்டு தப்பித்தார். முதலில் எங்கள் கட்டடத்துக்குக் கேபிள் கொடுப்பவரிடம் போனேன். ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்ட வேண்டும், எல்லாமே அன்லிமிடெட் என்றார். லிமிட் உள்ளது இல்லையா என்று கேட்டேன். யாருமே அப்படிக் கேட்டதில்லையாம். கூடவே பன்னிரண்டு ஆப்பில் படம் பார்க்கலாம் என்றார். கடுகு வாங்கப் போனவளிடம் எண்ணெய் ஆலையையே காட்டுகிற ஆள். எனக்குக் கோபம் வந்தாலும், பன்னிரண்டு ஆப்பில் என்னதான் இருக்கிறது என்று அரை மணி நேரம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வந்தேன்.

பிறகு ஒரு பெரிய கம்பெனிக்குப் படிக்கட்டில் நின்று போன் செய்தேன். பேசிய பெண் வீட்டில் எத்தனை பேர், எவ்வளவு நேரம் உபயோகிப்பீர்கள் என்று மரியாதையாகக் கேட்டாள். இரண்டு நிமிஷம் என்றேன். ஒரு நாளைக்கா மேடம் என்றாள். இல்லைம்மா, பதினைந்து நாளைக்கு என்றேன். அப்புறம் பக்கத்தில் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, எங்களிடம் அப்படி ஒரு பிளான் இல்லை மேடம் என்றாள். அவளுக்கே வருத்தம்தான்.

கடைசியில் டோல்கேட்டில் ஒரு செல்போன் கடையில் நின்றேன். கடைக்காரப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். முழுக் கதையையும் கேட்டாள், சிரிக்கவில்லை. சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டியை எடுத்து வைத்தாள். இதற்குள் சிம் போட்டால் இதுவே டவரிலிருந்து இழுத்து வீட்டுக்குள் வைஃபையாகக் கொடுக்கும், இருப்பதிலேயே சின்ன ரீசார்ஜ் போதும் என்றாள். இரண்டு நிமிஷப் பேச்சு எவ்வளவு டேட்டா தின்னும் என்று கேட்டேன். ஒரு சினிமாப் பாட்டு வீடியோவுக்கு ஆகிறதில் நீங்கள் ஒரு வருஷம் பேசலாம் என்றாள். எனக்கு நம்பவே முடியவில்லை. மனுஷன் பேச்சு அவ்வளவு லேசானதா? படம் ஏன் அவ்வளவு கனம்? அவளும் சளைக்காமல் பதில் சொன்னாள்.

"இதுக்குப் போயி ஃபைபர் இழுக்கிறது, ஒரு டம்ளர் தண்ணிக்கு லாரி புக் பண்ற மாதிரிக்கா" என்றவள், என் போனில் வைஃபை காலிங்கைத் திறந்துவிட்டு, பெட்டியைச் சிக்னல் வருகிற பக்கம் வைக்க வேண்டும் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினாள்.

சிக்னல் எந்தப் பக்கமிருந்து வரும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்தேன். கிழக்கு ஜன்னலைத் துடைத்து, கடலைப் பார்த்து அந்தப் பெட்டியை வைத்தேன். பிறந்ததிலிருந்து எங்களுக்கு எது வந்தாலும் அந்தப் பக்கமிருந்துதான் வந்திருக்கிறது. காற்று, மழை, மீன், புயல், வீட்டு ஆண்கள். அவர் குரலும் அங்கிருந்துதானே வர வேண்டும்? பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. சிவப்பு என்றால் காத்திருக்கிறது என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

நான்கு நாள் ஆகியும் அது மாறவில்லை. படியில் போய் நின்று கடைக்காரப் பெண்ணிடம் கத்தினேன், ஏமாற்றிவிட்டாய் என்றுகூடச் சொல்லிவிட்டேன். எந்தப் பக்கம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். கடல் பக்கம் என்றேன்.

"கடல்ல ஏதுக்கா டவரு?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். படகிலிருந்து கிளம்புகிற குரல் கரையில் ஏதோ ஒரு டவரைப் பிடித்து, எங்கெங்கோ சுற்றி, கடைசியில் எங்கள் வீட்டுக்குக் கிட்டே இருக்கிற டவரிலிருந்துதான் வரும் என்று அவள் விளக்கினாள். அசடு வழிந்தாலும் எனக்கு அது பிடித்திருந்தது. அவர் கிழக்கே இருந்து பேசினால் எனக்கு வேறு திசையிலிருந்து கேட்கும். அன்று முழுக்கப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டை அளந்தேன். அலமாரி மேல் ஆரஞ்சு. சமையல் மேடையில் மறுபடியும் சிவப்பு. குளியலறையில், ஸ்டூல் மேல் ஏறி வெண்டிலேட்டர் கம்பியை ஒட்டித் தூக்கிப் பிடித்தபோது பச்சை. எட்டிப் பார்த்தால் சாத்தாங்காட்டு இரும்புக் கிடங்குகளின் தகரக் கூரை, அதற்குப் பின்னால் டவர். இத்தனை நாளாக நான் அந்தப் பக்கம் பார்த்ததே இல்லை.

ஒரு வயர்கூடையின் காதை அறுத்து, அதால் பெட்டியை வெண்டிலேட்டர் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டு, அங்கேதான் சிக்னல் இருக்கிறதே, போனையே அங்கே வைக்க வேண்டியதுதானே, வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறாயே என்றாள். போனை வைக்கலாம், என் காதை அங்கே எப்படி வைப்பது என்று கேட்டேன்.

அவர் கடலுக்குப் போன பதினான்காம் நாள் மதியம் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் போன் அடித்தது. அந்த வீட்டுக்குள் போன் அடித்து நான் கேட்டதே இல்லை, யார் வீட்டிலோ என்றுதான் முதலில் நினைத்தேன். கரண்டியோடு ஓடினேன்.

"சொல்லுயா."

அந்தப் பக்கம் இன்ஜின் இரைந்தது. எடுப்பேன் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை.

"இன்னாமே, எடுத்துட்டே?"

பெட்டி, வெண்டிலேட்டர், டவர் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் உம் கொட்டிக்கொண்டே இருந்தார். நேரம் ஓடுகிறதே என்று நானே நிறுத்தி, நீ பேசு என்றேன்.

"மின்ன மூணு தபாவும் நீ எடுக்கல இல்ல. நா போன கீழ வெக்கல. பசங்க பாத்துகினு கீறானுங்களேன்னு ரெண்டு நிமிசமும் ஒங்கூட பேசற மாதிரியே பேசிகினு இருந்தேன்."

கரண்டியைக் கீழே வைத்தேன். ஆனாலும் எதையும் குடைந்து கேட்கிற என் புத்தி போகுமா?

"இன்னாய்யா பேசினே?"

"இன்னா பேசறது. போன தபா, கேஸ் சிலிண்டர் வந்தா கீழயே வெச்சுடு, நீ தூக்காத, நா வந்து தூக்கிகினு வரேன்னு சொன்னேன்."

போன தடவை அந்தச் சிலிண்டரை நான்தான் ஒவ்வொரு படியாக வைத்து வைத்து மூன்று மாடி தூக்கி வந்திருந்தேன். இரண்டு நாள் முதுகு நிமிரவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. டிரைவர் கையை நீட்டியிருப்பார் போல, குரல் விலகத் தொடங்கியது.

"சரிய்யா, தூக்க மாட்டேன்" என்றேன்.