தலைமையாசிரியரின் நாற்காலி

அறுபதுகளின் தொடக்கத்தில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளியில் வகுப்பாசிரியையாக இருந்தேன். எங்களுக்கும் தலைமைப் பழக்கம் வரட்டும் என்று, வெள்ளிக்கிழமை ஆசிரியர் கூட்டத்தை நடத்தும் பொறுப்பைத் தலைமையாசிரியர் ஆளுக்கொரு வாரம் எங்களிடம் விடுவார். அன்று அவர் பெஞ்சில் உட்காருவார்; முறைக்காரர் அவருடைய நாற்காலியில்.

என் முறை வந்தது. நான் உட்கார்ந்ததும் அவர் சொன்னார்: "பிள்ளைங்கல்லாம் இங்கிலீஷ் ஸ்கூலுக்குப் போயிடுச்சுங்க. வர்ற வருஷம் ஒண்ணாம் வகுப்பு கிடையாது. ஒரு டீச்சரைக் குறைக்கணும்னு நிர்வாகம் சொல்லிடுச்சு. யாருன்னு பேசி முடிவு பண்ணுங்க. நடத்துங்க டீச்சர்."

கடைசியாகச் சேர்ந்தவள் மேரி; எல்லோர் கண்ணும் அவள் பக்கம் போயிற்று. அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது என்பது எனக்குத் தெரியும்.

"சார், நீங்களே..." என்று இழுத்தேன்.

அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் புரிந்தது, அவருக்கும் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"சீக்கிரம் சொல்லுங்க லா டீச்சர், எனக்கு பஸ் போயிடும்," என்று மேரியே சிரித்தாள். "என் பேர்தானே?"

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் எழுந்து, எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள்.

பிற்பாடு நானும் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியை ஆனேன். கடைசிவரை, என் நாற்காலியில் ஒரு வெள்ளிக்கிழமைகூட யாரையும் உட்காரச் சொன்னதில்லை.