இரண்டாவது முறையும் ரத்தம் கேட்டவள்

ஊசி போடுபவரை ஜனங்கள் மன்னித்துவிடுவார்கள். ரத்தம் எடுப்பவரை மன்னிக்கவே மாட்டார்கள். உங்களில் யாராவது லேப் டெக்னீஷியனாக இருந்தால், இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் விருத்தாசலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். எங்கள் டாக்டரம்மா, பாண்டிச்சேரியிலிருந்த தன் பழைய புரொபசரோடு சேர்ந்து ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். கிருமியைக் கொல்லும் மருந்து நோயாளியின் ரத்தத்தில் எவ்வளவு நிற்கிறது என்று அளப்பது. குறைந்தால் கிருமி பிழைத்துக்கொள்ளும். அதிகமானால் கிட்னியும் காதும் கெடும். அதற்காக மருந்து ஏற்றுமுன் ஒரு முறை, ஏற்றி ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை ரத்தம் எடுத்து, அளந்து பார்க்கப் பாண்டிச்சேரி லேபுக்கு அனுப்ப வேண்டும். எங்கள் பக்கத்துக்கு அது புதுசு. எனக்கும்தான்.

போர்வைக்குள் போன கைகள்

நல்லூர் விவசாயி ஒருவர், மண்வெட்டி பட்ட கால் சீழ் பிடித்துப் படுத்திருந்தார். முதல் ரத்தத்துக்குச் சிரித்தபடி கையை நீட்டியவர், இரண்டாவதுக்கு இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். நேரம் தவறினால் அளவே தப்பாகிவிடும். நான் கடிகாரத்தைக் காட்டிக் கெஞ்சிக்கொண்டிருக்க, அவர் மனைவி குறுக்கே வந்தார்.

"ஏத்தறதும் நீங்க, எறக்கறதும் நீங்க. மொதல்லயே பாதி பாட்டில் ஏத்தினா ரெண்டு பேருக்கும் வேலை மிச்சங்க!"

எந்தக் கை?

ஆரம்பத்தில் ஒரு நாள், மறு கையில் எடுக்க வேண்டும் என்பதை மறந்து, மருந்து ஏறிய கையிலேயே ரத்தத்தையும் எடுத்து அனுப்பிவிட்டேன். மறுநாள் புரொபசர் போனில் வந்தார். கோபப்படவில்லை. ரொம்பப் பொறுமையாகக் கேட்டார்:

"ஏம்மா, இத நோயாளிகிட்டேருந்து எடுத்தியா, பாட்டில்லேருந்தே எடுத்தியா?"

ஐஸ் பெட்டி

ரத்தக் குழாய்களை ஐஸில் வைத்து பஸ்ஸில் பாண்டிச்சேரி கொண்டுபோவதும் என் வேலை. ஒரு சித்திரை வெயிலில் பண்ருட்டிக்கு முன்னால் பஸ் பஞ்சர். பெட்டிக்குள் ஐஸ் தண்ணீராகிக்கொண்டிருந்தது. ரோட்டோரக் கரும்பு ஜூஸ் கடைக்கு ஓடி, விஷயத்தைச் சொல்லி ஐஸ் கேட்டேன். கடைக்காரர் கட்டியை உடைத்து அள்ளிப் போட்டுவிட்டு, என் காதருகே குனிந்தார்.

"எவ்வளவு வேணா எடுத்துக்கக்கா. ரத்தம்னு மட்டும் சத்தமா சொல்லாத, நாலு பேரு ஜூஸு குடிச்சிட்டிருக்காங்க."

தட்டிப் பார்க்கும் காது

செல்வராசு அண்ணன் என்று ஒரு நோயாளி, பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தவர். சூளையிலிருந்து வந்த ஜாடிகளை விரல் முட்டியால் தட்டி, சத்தத்தை வைத்தே கீறல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். கிட்னியில் கிருமி தாக்கி, நடுக்கும் காய்ச்சலோடு வந்து சேர்ந்தார்.

மூன்றாம் நாள் ரிசல்ட் போனில் வந்தது. மருந்து இறங்கியிருக்க வேண்டிய நேரத்திலும் இறங்காமல் ரத்தத்திலேயே நின்றிருந்தது. டாக்டரம்மா சாயந்தர மருந்தை நிறுத்தச் சொன்னார். அண்ணன் மனைவி மேரியக்கா கொதித்துப்போனார். "காய்ச்சல் இப்படி அடிக்கறப்ப மருந்த நிறுத்துறீங்களே, இது என்னங்க ஞாயம்?" நான் ரத்தம் எடுத்த நேரத்தை நோட்டில் மறுபடி சரிபார்த்தேன். நான் எடுத்த ரத்தத்தை நம்பித்தானே நிறுத்துகிறார்கள்! டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "இதுக்கு மேல ஏத்தினா காது போயிடும்" என்றார். அண்ணன் மறுநாள் ரத்தத்துக்குக் கையை நீட்டினார். அளவு இறங்கியிருந்தது. இடைவெளியைக் கூட்டி மறுபடி மருந்து கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் காய்ச்சல் விட்டது.

பதினைந்து நாள் கழித்து, இரண்டு ஊறுகாய் ஜாடிகளோடு லேபுக்கு வந்தார். என் மேஜையில் வைத்து இரண்டையும் தட்டினார். எனக்கு இரண்டும் ஒரே சத்தம்தான்.

"மேடம், இதுல ஒண்ணு கீறல் வுட்டது. ஒங்களுக்குக் கேக்கல, எனக்குக் கேக்குது. அது போதுங்க."

ஆக, அத்தனை பேர் உடம்பிலும் மருந்து எவ்வளவு நின்றது என்று நாங்கள் அளந்தாயிற்று. என்னைக் கண்டதும் அவர்களுக்கு எகிறிய பிரஷரை அளக்கத்தான் யாரும் சொல்லவில்லை.