ரெண்டு பொக்ஸும் ஒரு கெசட்டும்

போன கிழமை மகள் டீவிக்குப் பக்கத்தில் வைக்கவென்று ரெண்டு ஸ்பீக்கர் வாங்கி வந்தாள். பெட்டியைப் பிரித்ததும் உள்ளே பொதிந்திருந்த வெள்ளை ரிஜிபோம் மணம் வீடெல்லாம் பரவிற்று. "உம்மா, ஈரத்துணியோட இதுக்குக் கிட்ட வந்திராதீங்க" என்றாள். நான் தொடவேயில்லை. அந்த மணத்துக்கே ரெண்டு எட்டுப் பின்னால் போய்விட்டேன். ஸ்பீக்கரைக் கண்டு பயப்படுகிற கிழவி என்று சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

மகளின் வாப்பா சவூதியிலிருந்து முதல் லீவில் கொண்டுவந்த கெசட் செட்டும் இதே மணத்தோடுதான் வந்தது. நடுவில் செட், ரெண்டு பக்கமும் முழங்கால் உயரத்தில் ஸ்பீக்கர் பொக்ஸ். "சுவரில ஒட்டாம ஒரு சாண் தள்ளி வெக்கணும். முன்சீலைய விரலால குத்தப்படா. உப்புக் காத்து, கவனம்" என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மனதில் நின்றது உப்புக் காற்று மட்டும்தான். எங்கள் கடலோர வளவில் தையல் ஊசிகூடக் கறள் பிடிக்கும். அவர் திரும்பிப் போன மறுநாளே வயரெல்லாம் பிடுங்கி, பொக்ஸ் ரெண்டையும் விரிப்பால் சுற்றி, பூச்சி உருண்டையும் போட்டு, கலியாணச் சாரியைப் போல அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டேன். எந்த வயர் எதில் இருந்தது என்று பார்த்து வைக்கவில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு அவ்வளவுதான் புத்தி.

பிறகு மூன்று மாதம் கடிதம் இல்லை. ஒரு நாள் லுஹர் தொழுகைக்குப் பின், அவரோடு வேலை செய்கிற மருதமுனைப் பொடியன் ஒருவர் லீவில் வந்தவர், வாசல் கடப்படியில் நின்று ஒரு கெசட் நீட்டினார்.

"ராத்தா, காக்காக்குக் கொஞ்சம் சுகமில்லாம இருந்த. எல்லாம் இதுல கதைச்சிருக்கார்."

மகளின் வாப்பாவுக்கு என்ன சுகமில்லை என்று நான் கேட்பதற்குள் பொடியனின் மோட்டார் சைக்கிள் போய்விட்டது. கெசட்டைப் போட, பொக்ஸை இறக்கினாலும் வயர் கொழுவத் தெரியாது.

"அடுத்த ஊட்ட றேடியோ இரிக்கி, போய்க் கேப்பமா?" என்றார் என்னோடிருந்த என் உம்மா.

"எனக்குக் கதைச்சத அவங்களும் கேக்கவா?"

உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கல்முனைக்குப் போய் றேடியோ திருத்துகிற ஒருவரைக் கூட்டிவந்தார். பாண்டிருப்பு ஆள். ஆம்பிளை இல்லாத வீடு என்று உள்ளே வரவில்லை. வாசலில் கதிரை போட்டு இருந்தார். நடுவில் திரைச்சீலை. செட்டை வெளியே எடுத்தால் ரோட்டுச் சனமெல்லாம் கூடும் என்பதால் நான் விடவில்லை.

"உம்மா, மகளிட்டக் கேளுங்க. வயர்ல கறுப்புக் கோடு போட்ட பக்கம் எது?"

நான் உம்மாவின் காதில் சொன்னேன்.

"இரிக்காம்" என்றார் உம்மா.

"எது எண்டுதானே கேட்டன். தங்கச்சி, நீங்களே கதைங்க. இப்பிடிப் போனா இண்டைக்குப் பொழுது பட்டிரும்."

அந்நிய ஆணோடு நான் முதன்முதல் வாய்விட்டுக் கதைத்தது அன்றுதான். கோடு போட்டது கறுப்புக் கிளிப்புக்குள், மற்றது சிவப்புக்குள் என்று அவர் சொல்லச் சொல்ல நான் செருகினேன். செப்புக் கம்பி விரலில் குத்தியது.

பிஸ்மி சொல்லிக் கெசட்டைப் போட்டேன். சலாம் சொன்ன குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. மெலிந்து, எந்தப் பக்கமிருந்து வருகிறதென்றே தெரியாமல். மவுத்துக்குக் கிட்டப் போன மனிசனின் குரல் என்று நினைத்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். உம்மா ஓதத் தொடங்கிவிட்டார்.

"தங்கச்சி, அழாதீங்க" என்றது திரைக்கு அங்கால் சத்தம். "அவர்ர குரல் அப்பிடியில்ல. ஒரு பொக்ஸுக்கு வயர் மாறிக் கிடக்கு. ரெண்டும் ஒண்டோட ஒண்டு சண்ட பிடிக்குது. ஒண்ட மட்டும் மாத்திக் குடுங்க."

மாற்றினேன். திரும்பச் சுற்றிப் போட்டேன். இப்போது குரல் ரெண்டு பொக்ஸுக்கும் நடுவில் வந்து நின்றது, அவரே அதில் இருப்பதுபோல. கட்டிடச் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்ததாம். இப்போது கம்பூன்றி நடக்கிறாராம். "புள்ள, நீ பயந்திருப்ப எண்டு எனக்குத் தெரியும்" என்றபோது வாசலில் கதிரை அரக்கிய சத்தம் கேட்டது.

"மிச்சம் உங்களுக்கு. நான் வாறன்." தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

கெசட்டில் மகளின் வாப்பா அரை மணித்தியாலம் கதைத்திருந்தார். இதே கெசட்டில் பதில் கதைத்து அந்தப் பொடியனிடமே கொடுத்தனுப்பச் சொல்லியிருந்தார். அடுத்த நாளே அனுப்பினேன். மறுபக்கம் என்று ஒன்று இருப்பது எனக்குத் தோன்றவில்லை. தொடக்கத்துக்குச் சுற்றிச் சத்தம் பிடிக்கிற சிவப்புப் பித்தானை அமர்த்தினேன். மூன்று வசனத்துக்கு மேல் வெட்கம். நிற்பாட்டினால் பழுதாகுமோ என்று பயந்து, முடியுமட்டும் ஓடவிட்டேன்.

அவர் ஊரோடு வந்து பல வருசம் எங்களோடு இருந்தார். அந்தக் கெசட்டையும் கொண்டுவந்திருந்தார். பொக்ஸும் செட்டும் பிறகு சுனாமியில் கடல் வந்த அன்று போயின. எனக்குக் கெசட்டில் இருந்தது அதற்கு முந்தியே போய்விட்டது. அவர் மவுத்தாகி நான் வெளியே போகாமல் இத்தாவில் இருந்த நாட்களில், அவருடைய சத்தத்தை ஒரு தரம் கேட்போமென்று கதவைச் சாத்தி அதைப் போட்டேன். ரெண்டு பொக்ஸும் நல்ல தெளிவாகச் சொல்லின:

"நாங்க சுகம். உம்மா சுகம். நீங்க கவனம்."

அதற்குப் பிறகு, அவர் கதைத்திருந்த அரை மணித்தியாலமும் எங்கள் வளவில் ஆடு கத்தினதும் கடல் இரைந்ததும்தான்.